மூடியைத் திறக்கும் அதிகாரம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் தலைக்கு மேலே, இரண்டாவது மாடியில், பேரொளி கம்ப்யூட்டர் கல்லூரி என்றொரு கல்லூரி இருந்தது. கல்லூரி என்றதும் பெரிய கட்டடம், மைதானம் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரண்டு வகுப்பறை, ஓர் ஆபீஸ், ஒரு கண்ணாடி அறை, அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் இருந்தது. நூற்றுப் பத்து மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது அதற்கு மட்டும் ஏர்கான் ஓடும். மாணவர்களுக்கு மூன்று மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றாது.

கம்ப்யூட்டரைப் பார்க்கலாம். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பத்தேகால் வரை, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்று பார்க்கலாம். உள்ளே போகக் கூடாது. புரோகிராமைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தால், ரிஜிஸ்டிரார் இராமலிங்கம் அதை உள்ளே எடுத்துப் போவார். அடுத்த சனிக்கிழமை தாள் திரும்பி வரும். தப்பு இருந்தால் ஓரத்தில் ‘பிழை’ என்று எழுதியிருக்கும். என்ன பிழை என்று கேட்டால் அதற்கு இன்னொரு சனிக்கிழமை ஆகும்.

தனலெட்சுமி இந்தக் கல்லூரியில் சேர்ந்தது 1984 ஜனவரியில். வயது இருபத்தெட்டு. கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வருவாள். வாரநாளெல்லாம் சுங்கைவே தொழிற்பேட்டையில் வேலை. அந்தத் தொழிற்சாலையில் செய்வது கம்ப்யூட்டருக்குள்ளே உட்காரும் சிப். முதல் நாலு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டினாள். கண் கெட்டது. கண்ணாடி போட்டதும் டெஸ்டிங் பகுதிக்குத் தள்ளினார்கள். நல்ல சிப் எது, கெட்டது எது, கெட்டதில் எந்தக் கால் வேலை செய்யவில்லை என்று பிரிக்கிற வேலை. அதில் மூன்று வருஷம். இப்போது அதற்கும் மெஷின் வருகிறது, ஆளைக் குறைக்கப் போகிறார்கள், கண்ணாடி போட்டவர்கள்தான் முதலில் என்று லைனில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ் புரோகிராமர் தேடியது. தனலெட்சுமி போய்ப் பார்த்தாள். மேனேஜர் அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, “டிப்ளோமா மட்டும் கொண்டாங்க, எண்பத்தஞ்சு ஜனவரியில வந்து உட்காருங்க,” என்றார். ஆகவே அவளுக்கு வேண்டியது அந்த ஒரு காகிதம். அதற்காகத்தான் வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு பிரிக்பீல்ட்ஸ் படியேறினாள்.

முதல் நாள் டைரக்டர் குமரப்பன் வரவேற்புரை ஆற்றினார். டாக்டர் குமரப்பன் என்றுதான் சொல்ல வேண்டும். எதில் டாக்டர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்கும் வசதியும் அங்கே இல்லை.

“மாணவ மணிகளே! நம்ம பாட்டன் என்ன செஞ்சான்? ரப்பர் வெட்டினான். ரயில் ரோட்டுக்குக் கட்டை போட்டான். எல்லாம் கை. கை, கை, கை! கையை நம்பி நம்ம சமுதாயம் உருப்பட்டுச்சா? ஹார்ட்வேர்ங்கிறது கை. சாப்ட்வேர்ங்கிறது மூளை. பேரொளியில படிச்ச ஒருத்தன் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டான்னு நான் கேள்விப்படக் கூடாது. அதுக்கெல்லாம் வேற ஆள் இருக்கு.”

அவருடைய பாட்டன் ரப்பர் வெட்டியதில்லை, வட்டிக்கடைதான் வைத்திருந்தார் என்பது கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும். இருந்தாலும் எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். தனலெட்சுமி மட்டும் தட்டவில்லை. விரல் நுனியெல்லாம் காய்த்துப் போன தன் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

பாடம் எடுத்தவர் கார்த்திகேசு. அறுபதை நெருங்கியவர். ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்று வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, பயந்தவர். இரண்டாவது வாரம் தனலெட்சுமி எழுந்து, “சார், நம்ம புரோகிராம்ல ஒரு நம்பரைக் குடுக்கிறோமே, அது மெஷின்ல எந்த இடத்துல போய் உட்காருது?” என்று கேட்டாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. கார்த்திகேசு சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“பிள்ளை, இது ஹார்ட்வேர்க் கேள்வி.”

“சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் சார்.”

“எங்களுக்கு ஏன் பிள்ளை அதெல்லாம்? போய்ப் பதிவேட்டில எழுதிப்போட்டு வாரும்.”

ஆபீசில் அதற்கென்றே சிவப்பு அட்டை போட்ட பதிவேடு ஒன்று இருந்தது. ஹார்ட்வேர்க் கேள்விப் பதிவேடு. பெயர், தேதி, கேள்வி, கையெழுத்து. கேள்விக்குப் பதில் எழுதக் கட்டம் கிடையாது. மூன்று முறை பெயர் ஏறினால் வீட்டுக்குக் கடிதம் போகும். தனலெட்சுமி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டருக்கும் பூஜை போட வேண்டும் என்று டைரக்டர் முடிவு செய்தார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. லோரிக்குப் போடுகிறோம், தையல் மெஷினுக்குப் போடுகிறோம், இது என்ன பாவம் செய்தது? மேசைக் காலுக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கோயில் குருக்கள் வந்து மூடிக்கு விபூதிப் பட்டை போட்டு, மல்லிகைச் சரம் சாத்தினார். அத்தோடு விட்டிருக்கலாம். டைரக்டருக்குத் திருப்தி வரவில்லை.

“குருக்களே, காருக்கு என்ன பண்றோம்? பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குத்தானே பொட்டு வைக்கிறோம்? இதுக்கும் உள்ளதான் வைக்கணும்.”

குருக்கள் தயங்கினார். பிறகு தட்சிணைத் தட்டிலிருந்து ஒரு சில்லறைக் காசை எடுத்து, அதனாலேயே மூடியின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினார். உள்ளே பச்சை நிறப் பலகையில் கறுப்புச் சிப்புகள் எட்டெட்டாக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. டைரக்டர் விரலை நீட்டி, “இங்க வைங்க,” என்றார். பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக எடுத்து ஒரு சிப்பின் நெற்றியில் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார் குருக்கள். கற்பூரம் காட்டினார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள். அவள் தொழிற்சாலையில் தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கு உறை. தும்மினாலே சூப்பர்வைசர் ஓடி வருவாள். இங்கே சந்தனம் சிப்பின் கால் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

“சார், ஈரச் சந்தனம் சார். உள்ள இறங்குது. பரவாயில்லையா?” என்றாள் கார்த்திகேசுவிடம்.

கார்த்திகேசு அவளைப் பார்த்தார், டைரக்டரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “பதிவேடு, பிள்ளை,” என்றார் மெதுவாக.

இப்படியாக அவள் பெயர் இரண்டாவது முறை ஏறியது. கேள்வி என்ற கட்டத்தில், ‘சந்தனம் ஈரமாக இருக்கிறதே, பரவாயில்லையா?’ என்று அவளே தன் கைப்பட எழுதினாள்.

டிசம்பர் முதல் வாரம் இறுதித் தேர்வு முடிவு வந்தது. வழக்கமாக இராமலிங்கம் கையால் எழுதி ஒட்டுவார். இந்த முறை முதல் தடவையாக, மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கம்ப்யூட்டரே பட்டியல் அடித்துக் கொடுத்தது. ‘மனிதக் கை படாத முடிவுகள்’ என்று மேலே ஒரு தலைப்பு வேறு. பாஸ் மார்க் ஐம்பது. தனலெட்சுமிக்கு நாற்பத்தொன்பது.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே கடையிலிருந்து ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. பையைத் திறந்து, கார்த்திகேசு திருத்திக் கொடுத்த விடைத்தாளை எடுத்தாள். மேலே சிவப்பு மையில் தெளிவாக 53 என்று இருந்தது. திரும்பப் போய்ப் பட்டியலைப் பார்த்தாள். 49 தான்.

பக்கத்தில் வாசு குதித்துக்கொண்டிருந்தான். இருபது வயதுப் பையன். பந்திங்கிலிருந்து வருகிறவன். பாடத்தில் பாதியை இவளிடம் கேட்டுத்தான் எழுதினான்.

“அக்கா, ஐம்பத்தொண்ணு! தப்பிச்சேன் லா!”

“உன் பேப்பர்ல எவ்வளவு?”

“ஐம்பத்தொண்ணுதான்க்கா. ஏன்?”

ஐம்பத்தொன்று அப்படியே இருக்கிறது, ஐம்பத்து மூன்று நாற்பத்தொன்பதாகியிருக்கிறது. தனலெட்சுமி பட்டியலை மேலிருந்து கீழே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். கிள்ளான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை வரிசைப்படுத்தினாள். 48, 49, 50, 51 இருந்தன. 52 முதல் 55 வரை ஒருவர்கூட இல்லை. 56 முதல் 59 வரை இருந்தார்கள். 60 முதல் 63 வரை ஆளே இல்லை. அதற்கு மேலும் நாலு இருந்தால் அடுத்த நாலு இல்லை. நூற்றுப் பத்துப் பேர் எழுதிய தேர்வில் இப்படி ஓட்டை விழாது. மூன்று வருஷமாகத் தினமும் எட்டு மணி நேரம் இதே ஓட்டையைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு சிப்பில் ஒரு கால் செத்துவிட்டால் எண்கள் இப்படித்தான் விழும். எந்தச் சிப் என்றும் தெரியும். அந்தச் சந்தனத்தை அவள் மறக்கவில்லை.

மறுநாள் கார்த்திகேசுவிடம் போனாள். அவர் விடைத்தாளைப் பார்த்தார். தம் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டார்.

“அப்ப நான் பாஸ்தானே சார்?”

“பேப்பர் மனுஷன் திருத்தினது, பிள்ளை. கம்ப்யூட்டர் பிழை விடாது.”

“நீங்கதான் சார் அந்த மனுஷன்! ஐம்பத்து மூணு போட்டது நீங்கதானே?”

“அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு,” என்றார் அவர்.

புகார் டைரக்டர் வரை போனது. டைரக்டர் உடனே ஒரு குழு அமைத்தார். ‘புரோகிராமருக்கு ஹார்ட்வேர் அறிவு அவசியமா என்பதை ஆராயும் சிறப்புக் குழு.’ தலைவர் குமரப்பன், உறுப்பினர் கார்த்திகேசு, செயலாளர் இராமலிங்கம். மார்க் சரியா தப்பா என்று பார்ப்பது குழுவின் வேலை அல்ல என்று முதல் தீர்மானம் போட்டார்கள். அதற்கு இன்னொரு குழு வேண்டும், அதற்கு அறை இல்லை.

தனலெட்சுமி விளக்கினாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

“மளிகைக் கடைத் தராசு மாதிரி சார். எடைக்கல்லு ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலுன்னு இருக்கு. ஐம்பத்து மூணு வேணும்னா முப்பத்திரண்டு, பதினாறு, நாலு, ஒண்ணு வைக்கணும். நாலுக் கல்லு காணாமப் போச்சுன்னா மிச்சம் நாற்பத்தொன்பதுதான். வாசுவோட ஐம்பத்தொண்ணுக்கு நாலுக் கல்லே வேண்டாம். அதனால அது தப்பிச்சுருச்சு. பேரெல்லாம் வேற வரிசையில உட்காருது, அதுவும் தப்பிச்சுருச்சு. மெஷின்ல ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிப் சார். மூணாவது சிப் வேலை செய்யல.”

இராமலிங்கம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “கம்ப்யூட்டருக்குள்ள தராசு இருக்குன்னு மாணவி சொல்றாங்க. அப்படியே எழுதிக்கவா சார்?”

“எழுதுங்க,” என்றார் டைரக்டர். “இங்க பாரும்மா. கார் ஓட்டுறவன் எஞ்சினைப் பத்தித் தெரிஞ்சுக்கணுமா? நான் முப்பது வருஷமா கார் வெச்சிருக்கேன். எனக்கு ஓட்டவே தெரியாது. என்ன குறைஞ்சு போச்சு?”

“மூடியைத் திறந்து பாருங்க சார். அஞ்சு நிமிஷம். நான் சொன்னது பொய்யா இருந்தா நாளையிலிருந்து இங்க வரமாட்டேன்.”

திறந்து பார்க்கலாம் என்று கார்த்திகேசுவும் முனகினார். அங்கேதான் சிக்கல் வந்தது. யார் திறப்பது? டைரக்டர் திறந்தால் மூளை கையாகிவிடும். கார்த்திகேசு புரோகிராம் ஆசிரியர், தொடக் கூடாது. இராமலிங்கம் நிர்வாகம். தனலெட்சுமி மாணவி, அவளுக்குக் கண்ணாடிக்கு உள்ளே வரவே அனுமதி இல்லை. மூடியைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று இராமலிங்கம் ஃபைலைப் புரட்டினார். இந்தக் கல்லூரியின் வரலாற்றில் மூடியைத் திறந்தவர் ஒரே ஒருவர்தான்.

குருக்களுக்கு ஆள் போனது. அரைமணி நேரத்தில் ஹோண்டா மோட்டார் சைக்கிளில், இடுப்பில் ஈரவேட்டியோடு வந்து இறங்கினார். சில்லறைக் காசு கொண்டு வந்திருந்தார். தனலெட்சுமி முதலில் சுவிட்சை அணைக்கச் சொன்னாள். அவர் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் தூக்கினார். மேல் வரிசையில் மூன்றாவது சிப்பின் நெற்றியில் காய்ந்து வெடித்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. ஒரு கால் பச்சையாகக் களிம்பேறிப் போயிருந்தது.

“நான் வெச்சதுதாம்மா,” என்றார் குருக்கள் உடனே. அந்த அறையில் கேட்காமலே உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். “வேணாம்னு நெனச்சேன். இவர்தான் உள்ள வைங்கன்னாரு.”

டைரக்டர் கூரையைப் பார்த்தார்.

“நான் சுத்தம் பண்ணட்டுமா சாமி?” என்று தனலெட்சுமி குருக்களிடம் கேட்டாள். வேறு யாரிடம் கேட்பது? “செய்யும்மா, புண்ணியமாப் போகும்,” என்றார் அவர். அவள் உள்ளே போய், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டுக்கொண்டு, கொண்டை ஊசியால் சிப்பை நெம்பி எடுத்தாள். சந்தனத்தைச் சுரண்டியதும் அடியில் அவள் தொழிற்சாலையின் முத்திரை இருந்தது. புரோகிராம் எழுதும் பென்சிலின் பின்னால் ஒரு ரப்பர் இருக்குமே, அதனால் ஒவ்வொரு காலாகத் தேய்த்தாள். கால் பளபளத்தது. சிப்பைத் திரும்ப வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். டக்கென்று சத்தம் கேட்டது.

மார்க்கை மறுபடி ஏற்றி, பட்டியலை மறுபடி அடித்தார்கள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்றிருந்தவர்களில் ஆறு பேர் ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்றுக்கு ஏறினார்கள். ஆறாவது பெயர் தனலெட்சுமி. 53.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குருக்களுக்கும் சந்தோஷம். கார்த்திகேசு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் போட்டது சரிதான், நான் போட்டது சரிதான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு நிமிஷம் அந்த அறையில் எல்லாரும் மனிதர்களாக இருந்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தோடு அது முடிந்தது.

“இராமலிங்கம்,” என்றார் டைரக்டர், “பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பிதழ் போயாச்சு இல்ல?”

“போயாச்சு சார். கல்வி அமைச்சு ஆளுங்க வர்றாங்க. ‘மனிதக் கை படாத முடிவுகள்’னு பேப்பர்லயும் வந்திருச்சு.”

“இப்பக் கை பட்டிருக்கே?”

எல்லாரும் தனலெட்சுமியின் கையைப் பார்த்தார்கள். பச்சைக் களிம்பும் குங்குமமும் விரலில் ஒட்டியிருந்தன. டைரக்டர் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் பேச்சு வரும் அவருக்கு.

“அம்மா, உன்னை நான் மெச்சுறேன். இந்தக் குழு ஒரு பெரிய கேள்விக்கு விடை தேடுச்சு. புரோகிராமருக்கு ஹார்ட்வேர் தெரியணுமா? உன்னைப் பார்த்ததும் விடை கிடைச்சிருச்சு. ஹார்ட்வேர் தெரிஞ்சவ கையைக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டா. தொடுவா. தொட்டா விதி மீறுவா. விதி மீறுறவ எப்படி புரோகிராமர் ஆக முடியும்? ஆகவே தெரியக் கூடாது.”

“சார், என் மார்க் ஐம்பத்து மூணு!”

“யார் இல்லைன்னா? மார்க் பாஸ். விதிதான் பெயில். மத்த அஞ்சு பேருக்கும் டிப்ளோமா உண்டு, அவங்க எதையும் தொடல.”

“தொட்டதாலதானே சார் அவங்களுக்கு மார்க் வந்துச்சு?”

“அவங்க தொடலையே.”

அவள் சிவப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். சந்தனம் வைத்த அன்றே எச்சரித்திருக்கிறேன், என் கையெழுத்தே இருக்கிறது என்றாள். இராமலிங்கம் எடுத்து உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் டைரக்டரின் முகம் மலர்ந்தது.

“பாரு! ரெண்டு மாசத்துக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கே. இப்பத் தொட்டது மூணாவது. மூணு ஆச்சுன்னா என்ன விதி, இராமலிங்கம்?”

“வீட்டுக்குக் கடிதம் சார்.”

தனலெட்சுமி கார்த்திகேசுவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. அந்த மனிதர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் தம் கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. “உங்க மூளையை எல்லாம் ஒண்ணாச் சேர்த்து வெச்சாலும் அந்த மூடியில ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்காது சார்! தப்பைச் செஞ்சது நீங்க. கண்டுபிடிச்சது நான். எனக்குத்தான் தண்டனையா? நல்லா இருக்கு உங்க பேரொளி!” என்று கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கூட்டக் குறிப்பில் இராமலிங்கம், ‘மாணவி கல்லூரியைப் பாராட்டி விடைபெற்றார்’ என்று எழுதினார்.

ஜனவரியில் கப்பல் ஏஜென்சி வேலையில் வாசு உட்கார்ந்தான். பாவம், அவன் மேல் என்ன குற்றம்? காகிதம் அவனிடம் இருந்தது. மார்ச்சில் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் முதலில் என்ற பேச்சு பொய்யில்லை. தனலெட்சுமி கிள்ளானில் ஒரு மளிகைக் கடையில் பருப்பும் மிளகாயும் நிறுத்துப் பொட்டலம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். டிப்ளோமா இல்லாதவளைப் பாசாருக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் யாரும் புரோகிராமர் என்று கூப்பிடவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் காலை கடைக்கு அவளைத் தேடிப் போன் வந்தது. வாசு.

“அக்கா, இங்க மெஷின் பைத்தியம் புடிச்ச மாதிரி பண்ணுதுக்கா. துறைமுகத்துல இருபத்து மூணு பெட்டி நிக்குது, லிஸ்ட்ல இருபத்தொண்ணுன்னு வருது. மேனேஜர் என்னைக் கொல்றாரு. புரோகிராமைப் பத்துத் தடவை திருத்திட்டேன்.”

“எந்தெந்த நம்பர் வருது, சொல்லு.”

“இருபது, இருபத்தொண்ணு வருது. இருபத்திரண்டு, இருபத்து மூணு வரவே மாட்டேங்குது. இருபத்து நாலு, அஞ்சு வருது. ஆறு, ஏழு இல்ல.”

ரெண்டு இருக்கிறது, ரெண்டு இல்லை. தராசுத் தட்டில் மிளகாயை வைத்துக்கொண்டே தனலெட்சுமி கணக்குப் போட்டுவிட்டாள்.

“வாசு, ஆபீஸ்ல ஆயுத பூஜை போட்டீங்களா?”

“ஆமாக்கா, கிரேண்டா போட்டோம்! நம்ம டைரக்டரைச் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டோம். அவரே நின்னு மூடியைத் திறக்க வெச்சாரு. ஏன்க்கா?”

அவள் தட்டிலிருந்து மிளகாயை இறக்கி வைத்தாள். “மூடியைத் திறந்து, ரெண்டாவது சிப்பை எடுத்துத் துடைச்சு வை. பென்சில் ரப்பர் போதும்,” என்றாள்.

“ஐயோ, எனக்கெங்கக்கா அதெல்லாம் தெரியும்? நான் புரோகிராமர்தானே லா. நீங்க வந்துட்டுப் போங்கக்கா, ப்ளீஸ். மேனேஜர் ஒருநாள் கூலி தர்றேங்கிறாரு.”

போகக் கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அந்த மாசம் வாடகை பாக்கி. கடைக்காரரிடம் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு போனாள். ஏஜென்சி வாசலில் மலாய்க்காரக் காவலாளி உள்ளே போகப் பாஸ் எழுதினார். பாஸில் மூன்றே கட்டங்கள்: ஊழியர், வாடிக்கையாளர், துப்புரவு. “புரோகிராமர் கே?” புரோகிராமரா என்று மரியாதையாகக் கேட்டார் அவர். “புக்கான்,” இல்லை என்றாள் அவள். அவர் மூன்றாவது கட்டத்தில் அடையாளம் போட்டுக் கொடுத்தார்.

வாசு ஓடி வந்து அழைத்துப் போனான். கவலையில் முகம் கறுத்திருந்தது, கழுத்தில் டை. மெஷின் அறை வாசலில் ‘செருப்பை வெளியே கழற்றவும்’ என்று ஓர் அறிவிப்புப் பலகை. தனக்கென்று அவள் பார்த்துவிட்டுப் போன மேசையில்தான், மேனேஜர் வந்து உட்காரச் சொன்ன அதே மேசையில்தான், அவன் டிபன் கேரியர் இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள். மெயின் சுவிட்சை அணைத்ததும் ஜன்னல் இல்லாத அந்த அறை இருட்டாகிவிட்டது.

“டார்ச் அடி,” என்றாள்.

வாசு டார்ச்சைப் பிடித்தான். அவள் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாசு டார்ச்சை நீட்டியபடி, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். வெளிச்சம் சுவரில் விழுந்துகொண்டிருந்தது.

“இங்க அடிடா. எனக்குக் கண்ணு சரியில்லன்னு தெரியுமில்ல?”

“நான் உள்ள பார்க்கக் கூடாதுக்கா. பார்த்தா என் டிப்ளோமா போயிரும்னு டைரக்டர் சொல்லியிருக்காரு.”

“பார்த்தா ஒண்ணும் ஆகாது. பாரு. உனக்குச் சொல்லித் தர்றேன். அடுத்த தடவை நீயே செஞ்சுக்கலாம்.”

“வேணாம்க்கா. நீங்க செஞ்சுருங்க.”

தனலெட்சுமி மெஷின் பக்கம் திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விரலால் தடவிக்கொண்டே போய், காய்ந்த சந்தனம் தட்டுப்பட்ட இடத்தில் கையை நிறுத்தினாள்.